சல்லடைக்கு உபயகாரர்கள்

பிரிக்பீல்ட்ஸில், புஷ்பவல்லியின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் குமுதாவின் கூடத்தில் கூரையிலிருந்து கல் விழும். கூரையில் ஓட்டை கிடையாது. வீட்டுக்காரர் அழைத்து வந்த கொத்தனார் தட்டிப் பார்த்து, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி, தலையில் ஒரு கல்லை வாங்கிக்கொண்டு போனார். அரிசியில் கிடக்குமே, அந்த அளவுக் கருங்கல். காரணம் தெருவுக்கே தெரியும். குமுதா, சல்லடை என்று ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். மற்றவர்கள் எழுதும் புரோகிராம்களைச் சலித்துப் பிழையைப் பொறுக்கிப் போடுவது அதன் வேலை. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துத் திருத்தலாம் என்று இன்டர்நெட்டில் போட்டுவிட்டாள். உலகத்தில் எங்கே யார் அதை ஓட்டினாலும், பொறுக்கிய பிழை இங்கே கல்லாக விழுந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் உலகமே தப்பும் தவறுமாக எழுதும். அன்று குடை பிடித்துக்கொண்டுதான் டீ கலக்க முடியும். பெருக்கி மூட்டை கட்டிய கல்லை, பந்திங்கிலிருந்து விஜயன் லோரியில் வந்து செம்பனைத் தோட்டத்துச் சேற்றுப் பாதைக்குப் போட எடுத்துப் போவார்.

பங்சாரில் ஒரு பெரிய கம்பெனி சல்லடையை வருஷக்கணக்காக ஓசியில் ஓட்டிக்கொண்டிருந்தது. அதன் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய திருச்செல்வத்துக்கு ஒரு நாள் நன்றியுணர்ச்சி பொங்கியது, போட்டோகிராபரோடு வந்தார். குமுதாவுக்குச் சம்பளம், கழுத்தில் மாட்ட ஒரு அட்டை, சல்லடைக்குக் கம்பெனி லோகோ. அவள் அதுவரை பார்த்துவந்த பேங்க் வேலையை விட்டாள். சல்லடைக்கும் முழுநேர ஆள் தேவைதான். கம்ப்யூட்டர் மொழிகள் வருஷா வருஷம் மாறும். அதற்கேற்பக் கண்ணிகளைத் திரும்பப் பின்னாவிட்டால் பிழையெல்லாம் நழுவிப் போகும். டத்தோ மேடைதோறும் 'நமது சல்லடை' என்றார். ஒரு பிடி கல்லைக் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு வரவேற்பறையில் வைத்தார். மூன்றாம் வருஷம், கம்பெனி புதிய திசையில் பயணிக்கப்போவதாக அறிவித்தார். எந்தத் திசை என்று அவருக்கும் தெரியாது; இனிமேல் செயற்கை நுண்ணறிவே எழுதும், பிழையே வராது என்று ஒரு கன்சல்டன்ட் சொல்லியிருந்தார். கம்பெனி சல்லடையை ஓட்டுவதை நிறுத்தியது. கேக் வெட்டி அதற்குக் 'கௌரவமான ஓய்வு' கொடுத்தார்கள். குமுதாவுக்கும் ஒரு துண்டு கிடைத்தது, சம்பளம் கிடைக்கவில்லை.

பேங்கில் பழைய நாற்காலிக்கே அவள் திரும்பினாள். மிச்ச நேரத்தில் தனியாளாகப் பின்னிப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணிகள் தளர்ந்தன, கல் குறைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கல்கூட விழவில்லை. சாப்பாடு கொண்டு வந்த புஷ்பவல்லி, சுத்தமான தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்தாள்.

"என்னடி இது, கல்லு விழலன்னு அழுவுற மொத ஆளு நீதான்."

"மூடிட வேண்டியதுதான் அக்கா. ஒரு ஆளால ஆகாது லா."

"ஒரு ஆளு எதுக்கு? கோயில் திருவிழாவ ஒரே ஆளா செய்யிறாங்க? ஒரு நாளு ஒரு குடும்பத்து உபயம். அன்னிக்கு வேலயெல்லாம் அவங்களோடது, மறுநாள் அடுத்த குடும்பம். உபயம் எடுத்தவன் சாமிய வீட்டுக்குத் தூக்கிட்டா போறான்?"

உபயகாரர்கள் தேவை என்று குமுதா இன்டர்நெட்டில் எழுதிப்போட்டாள். கிள்ளானில் பரமேஸ்வரன் என்ற வாத்தியார் திங்கட்கிழமையை எடுத்துக்கொண்டார். செவ்வாய் பிரேசிலில் ஒரு பெண்ணுக்குப் போனது. கண்ணிகள் இறுகின, கல் மறுபடி விழுந்தது. ஆனால் உபயம் யாருடையதோ, அன்று அவர் வீட்டில் விழுந்தது. வாத்தியாரின் மனைவி ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு மீன் தொட்டிக்குக் கொஞ்சம் அள்ளிக்கொண்டார்.

பங்சாரில் நிலைமை வேறு. சலிக்காமல் விட்ட கல் எங்காவது போயாக வேண்டும். அது பொறுப்பில் இருப்பவரின் சோற்றுக்குப் போனது. ஹோட்டல் பிரியாணியில் கல், அமைச்சர் கொடுத்த விருந்தில் கல், இட்லியில்கூடக் கல். இரண்டு கடைவாய்ப் பற்கள் போன பிறகு, டத்தோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு புஷ்பவல்லியின் கடைக்கு வந்தார். போட்டோகிராபர் வரவில்லை.

"சல்லடையத் திரும்ப ஓட்டுறோம். முழு ஆதரவும் நாங்களே தர்றோம்னு குமுதாகிட்ட சொல்லுங்க."

"முழுசெல்லாம் இல்ல டத்தோ. வியாழக்கிழமதான் காலி. உங்க ஆளுங்களே வந்து பின்னணும். பேரு மத்தவங்க பேரு சைஸ்லதான் இருக்கும்."

டத்தோ கொஞ்சம் யோசித்தார். பல் வலித்தது. "சரி லா," என்றார்.

இப்போது வியாழக்கிழமைகளில் கம்பெனி வரவேற்பறையில் கல் விழுகிறது. விஜயனின் லோரி பங்சாரைச் சுற்றி வருகிறது. அங்கே நிறுத்த இடம் கிடைப்பதில்லை என்பதுதான் அவர் குறை. வருகிறவர்களுக்கு வாசலில் குடை கொடுக்கிறார்கள். குடையில் லோகோ பெரிதாகத்தான் இருக்கிறது. அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. நல்ல கெட்டியான குடை. குமுதாவும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அவளுடைய உபயம், டீ கலக்க வேண்டுமே.