அண்ணன் சீராகக் கொடுத்த கம்ப்யூட்டர்

அம்சவல்லியின் கம்ப்யூட்டர் அவள் வாங்கியதல்ல, சீராக வந்தது. ஜமுனாமரத்தூரில் அவள் ஆன்லைன் சென்டர் திறந்த அன்று, செங்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணன் இளவழகன், வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு சிபியூவுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, மேளம் ஒன்றுதான் குறை என்கிற மாதிரி கொண்டுவந்து இறக்கினான். அட்மின் பாஸ்வேர்டை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டான். அவளும் கேட்கவில்லை. சீர் கொடுத்தவனிடம் சாவியைக் கேட்டால் சந்தேகப்பட்டதாகிவிடுமாம். நம் வீடுகளில் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குப் பெயர் மரியாதை.

கொஞ்ச நாளாகவே மெஷின் சவலைப்பிள்ளை மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. தேடிப் பார்த்ததில், விண்டோஸ் ஃபோல்டருக்குள் பேர் ஊர் தெரியாத ஒரு ஃபைல். அழிக்கப் போனால், உங்களுக்கு அனுமதியில்லை என்று திரை முகத்திலடித்தது. ஆன்ட்டி வைரஸை ஓடவிட்டால் எல்லாம் சுத்தம் என்றது. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அது சிஸ்டம் ஃபைலு பாப்பா. பாதுகாப்புக்குப் பூட்டி வச்சிருக்கும். கை வச்சின்னா மெஷினே படுத்துடும். வைரஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, வுடு."

அண்ணனே சொன்ன பிறகு என்ன, விட்டுவிட்டாள்.

சந்தை நாளன்று அர்ச்சுனன் வந்தார். மலையில் சாமையும் புளியும் வைத்திருக்கிற மனிதர். குரலை உயர்த்திப் பேசாதவர். அன்று கடை அதிரக் கேட்டார்.

"இன்னாம்மா, என் பட்டாவ யாருக்குக் காட்டுன?"

"யாருக்கும் காட்டலீங்கண்ணா. இன்னா ஆச்சு?"

"எவனோ புரோக்கரு போன் மேல போன் போடுறான். சர்வே நம்பரு, எம்பொண்ணு பேரு, எல்லாம் புட்டுப் புட்டு வைக்கிறான். ரிசார்ட்டு கட்டணுமாம், நிலத்தக் குடுன்றான். அந்தப் பேப்பரு வூட்ட வுட்டு வெளிய வந்தது உங்கடைக்கு மட்டுந்தாம்மா."

வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கையிலிருந்த காகிதங்கள் ஒவ்வொன்றாக மஞ்சப்பைக்குள் திரும்பிப் போயின. அவர்கள் அம்சவல்லிமேல் வைத்த நம்பிக்கைதான் அந்தக் கடைக்கு முதல். அது போனால் பூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மதியம் மழை பிடித்தது. வழக்கம்போல டவர் படுத்தது. அப்போதுதான் கவனித்தாள்: சிக்னல் செத்ததும் மெஷின் பறந்தது. மழை விட்டு டவர் வந்ததும் மறுபடி நொண்டியது. எதையும் திறக்காதபோதே மோடம் விளக்கு விடாமல் கண்ணடித்தது. உள்ளிருந்து ஏதோ வெளியே போய்க்கொண்டிருந்தது.

பக்கத்து ஸ்டூடியோ கோபால்சாமியிடமும் இதே விண்டோஸ்தான். ஓடிப்போய்ப் பார்த்தாள். அந்த ஃபைல் அங்கே இல்லவே இல்லை. திரும்பி வந்து தன் மெஷினில் அதன் விவரத்தைத் திறந்தாள். சிஸ்டம் ஃபைல் என்றால் உரிமையாளர் என்ற இடத்தில் சிஸ்டத்தின் பெயர் இருக்க வேண்டும். அங்கே இளவழகன் என்றிருந்தது.

அடப்பாவி! கூடப் பிறந்தவனா இதைச் செய்தான்? குங்குமம் வைத்த அதே கையாலா? கோபத்தைவிட வெட்கம்தான் அவளைப் பிடுங்கித் தின்றது. இத்தனை பேரும் அவளை நம்பி நீட்டிய காகிதம் ஒவ்வொன்றையும் அவள் கையாலேயே அல்லவா ஸ்கேன் செய்திருக்கிறாள்!

போனில் இளவழகன் முதலில் மழுப்பினான். அப்புறம் குரலைத் தணித்தான்.

"புரோக்கரு நம்ம ஆளு பாப்பா. அதுங்க அந்த நெலத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போவுதுங்க? யாருனா கேட்டா வைரஸ்னு சொல்லிடு. அதுங்களுக்கு இன்னா தெரியும்?"

"எனக்கும் ஒண்ணும் தெரியாதுன்னு தான வச்ச?"

"நான் உன் அண்ணன்டி..."

மேலே கேட்கப் பிடிக்காமல் வைத்துவிட்டாள். மோடம் வயரைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது.

மழைக்கு ஒதுங்கிய அர்ச்சுனன் மழை விட்டும் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார். கோபம் ஆறிப்போன குரலில் அவரே வழி எடுத்துக் கொடுத்தார்.

"இன்னாம்மா, வைரஸா? எம்பையன் அப்படித்தான் இருக்கும்னான்."

தலையை ஆட்டினால் போதும். அண்ணன் மானமும் பிழைக்கும், அவள் கடையும் பிழைக்கும்.

"வைரஸ் இல்லீங்கண்ணா," என்றாள். "எங்கூடப் பொறந்தவன். இத ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கினு போறேன். நீங்களும் கூட வர்றீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் சிபியூவைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிறங்கினாள். அண்ணன் வைத்து இன்னும் உதிராமலிருந்த குங்குமம் அவள் புடவையில் அப்பியது. துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.