ஆபத்து நீடிக்கிறதா?

அரசாங்கப் பாரத்தில் ஒரே ஒரு கேள்விதான். "ஆபத்து நீடிக்கிறதா?" அதற்கு எதிரே "ஆம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வாலு இன்னும் ஓராண்டு குளிர்மனையில் கிடப்பாள். போடாவிட்டால் அன்று மாலையே கதவைத் திறந்துவிட வேண்டும். கைத்தீ உள்ளவர்களை அடைத்துவைக்கும் சட்டம் அப்படி. காயம்பட்டவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து சொல்லியாக வேண்டும். காயம்பட்டவள் நான். ஒன்பது தடவை வெளி ஜன்னலில் நின்றபடியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

என்னைத் திட்டுவதற்கு முன்னால் என் இடது கையைப் பாருங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒட்டி ஒன்றாகிவிட்டன. வாலு என் இஸ்திரிக் கடைக்கு அடுத்த வீட்டுப் பெண். தெருவே வைத்த பட்டப்பெயர்; அவ்வளவு சேட்டை. பத்து வயதில் அவள் உள்ளங்கையிலிருந்து கிளம்பிய நெருப்பு என் கையையும் கடைக் கூரையையும் ஊரார் துணிகளையும் தின்று தீர்த்தது. ஆபத்தே இல்லை என்று யாராவது என்னிடம் வந்து தத்துவம் பேசினால் இஸ்திரிப் பெட்டியாலேயே ஒரு போடு போடுவேன்.

இந்த ஆண்டு விதி மாறிவிட்டது. வாலுவின் அம்மா மனுமேல் மனு கொடுத்து, கையெழுத்துப் போடுகிறவர் ஆண்டுதோறும் உள்ளே நடக்கும் சோதனையை நேரில் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று ஆக்கிவிட்டாள்.

"பாத்தோமா போட்டோமான்னு வந்துரு. ஆஸ்பத்திரித் துணி மலையா கெடக்கு," என்றார் என் வீட்டுக்காரர், பெட்டியில் கரியை ஊதியபடி.

சோதனை அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு அதிகாரி. அவர் சட்டைக் காலரில் மடிப்பு இரட்டைக் கோடாக விழுந்திருந்தது. யாரோ அரைச் சூட்டில் தேய்த்திருக்கிறார்கள். வாலுவைக் கூட்டி வந்தார்கள். இருபது வயது. பாதங்கள் ஊறி வெளுத்திருந்தன. அறைகளில் எப்போதும் கணுக்கால் அளவு தண்ணீர் விட்டிருப்பார்களாம். என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உடனே அவள் பார்வை என் இடது கைக்குப் போய் அங்கேயே நின்றது.

"இந்தக் கிண்ணத்தை இவ கையில பிடிச்சிருப்பாம்மா," என்றார் அதிகாரி. "தண்ணி கொதிச்சா ஆபத்து இருக்குன்னு அர்த்தம்."

அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அவர் இழுப்பறையிலிருந்து நூல் கட்டிய கடிதக் கட்டு ஒன்றை எடுத்தார். "உங்கம்மா இந்த வருஷம் எழுதினது. பன்னண்டு." வாலு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவர் முதல் கடிதத்தைப் பிரிக்காமலே இரண்டாகக் கிழித்தார், பிறகு நான்காக, தரையில் போட்டார்.

"ஐயா, என்ன பண்றீங்க?"

"சோதனைம்மா. கோபம் வராம எப்படிச் சோதிக்கிறது? கொதிக்கிற வரைக்கும் கிழிக்கணும். அதான் முறை."

"கொதிக்கலேன்னா?"

"எப்பவும் கொதிச்சிருக்கு." இரண்டாவதைக் கிழித்தார். மூன்றாவது. நான்காவது பாதி கிழிபடும்போது கிண்ணத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. "பாத்தீங்களா? நீடிக்குது. மிச்சம் எட்டையும் இவளுக்குக் குடுத்துடுவோம். நீங்க கையெழுத்தைப் போடுங்க."

பேனாவை வாங்கினேன். போடத்தான் வாங்கினேன், சத்தியமாக. அந்தக் கொதிக்கும் சத்தத்துக்கே என் விரல்கள் கூசின. ஆனால் அவர் சட்டைக் கைக்கும் அந்தக் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. அவள் கிண்ணத்தை அவர்மேல் கொட்டவில்லை. பிடித்துக்கொண்டே நின்றாள். ஒன்பது வருடம் இவர் கிழித்திருக்கிறார், ஒன்பது வருடம் இவள் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அத்தனைக்கும் கீழே என் கையெழுத்து.

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம். பாரத்தை எடுத்தேன். இரண்டாகக் கிழித்தேன், பிறகு நான்காக. தரையில் போட்டேன்.

"ஏய்!" அதிகாரி நாற்காலி கவிழ எழுந்தார். கை ஓங்கிவிட்டது. என் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்துதான் நின்றது.

"நானும் சோதிச்சேங்க," என்றேன். "உங்க கையில தீ இல்ல. இருந்திருந்தா இந்நேரம் நான் கரிக்கட்டை."

அவர் கையை இறக்கினார். முகம் இன்னும் சிவந்திருந்தது. "இவ வெளிய போய் யாரையாவது எரிச்சா?"

"எரிக்கவே மாட்டான்னு நான் சொல்லல."

"உங்களையே எரிச்சவம்மா இவ!"

இத்தனை வருடம் நான் மறைத்துவைத்த ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

"அன்னைக்கு ஒரு வெள்ளைச் சட்டையில இவ மண்ணுக் கையை வச்சுட்டா," என்றேன். "இவ ரெண்டு கையையும் சேத்து இந்த இடது கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அறைஞ்சேன். ஒண்ணு இல்ல, நாலு. விடுங்க அத்தை, விடுங்க அத்தைன்னு கத்துனா. நான் விடல. புகார்ல அதை எழுதல. இப்ப எழுதிக்குங்க."

அவர் எழுதவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். வாலு கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, மண்டியிட்டுக் கடிதத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை நேரம் தண்ணீரைக் கொதிக்க வைத்த அதே கையால். சூடு கொஞ்சம் மீறினாலும் துணியும் காகிதமும் முதலில் மஞ்சளிக்கும், பிறகுதான் கருகும். முப்பது வருடமாக என் பிழைப்பே அந்த மஞ்சளைக் கண்டுபிடிப்பதுதான். ஒவ்வொரு துண்டாகப் பார்த்தேன். ஒன்றுகூட மஞ்சளிக்கவில்லை. என் பாரத்தின் துண்டுகளைத் தனியே பிரித்து அவர் முன்னால் அடுக்கினாள். அம்மாவின் துண்டுகளையும் மிச்சக் கடிதங்களையும் மடியில் கட்டிக்கொண்டாள்.

"இனிமே எது எரிஞ்சாலும் உங்களையும் சேத்து உள்ள வைப்போம்," என்றார் அவர்.

"வைங்க. ஆனா அவ என்ன செஞ்சான்னு மட்டும் எழுதாதீங்க. அதுக்கு முன்னாடி அவளை என்ன செஞ்சாங்கன்னும் எழுதுங்க."

மாலை மணி அடித்ததும் காவலர் வந்தார். நடையில் இருபத்து மூன்று கதவுகளைக் கடந்தோம். ஒவ்வொன்றுக்கும் வெளி ஜன்னலில் என்னைப்போல ஒருத்தர் கையெழுத்துப் போட்டுவந்திருக்கிறார். அவர்களில் பாதிப் பேர் என் கடைக்குத்தான் துணி போடுகிறார்கள். நாளைக்கு வாங்க வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

"பின்பக்கமா போயிடுங்கம்மா, ஜனங்க பயப்படுவாங்க," என்றார் காவலர்.

"பயப்படட்டும். முன்கதவைத் திறங்க."

கடைத்தெரு வழியாகவே நடந்தோம். பேச்சுச் சத்தம் ஒவ்வொரு கடையாக நின்றது. ஒரு அம்மாள் குழந்தையை இழுத்து உள்ளே தள்ளினாள். வாலு இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலை குனிந்தபடி வந்தாள். முச்சந்தியில் என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, எனக்கு மறுபடியும் கோபம் வந்தா?"

"வரட்டும். வந்தா விடுங்கன்னு சொல்லு."

"அன்னைக்கும் சொன்னேனே."

"சொன்னே," என்றேன். "இந்தத் தடவை விடுறேன்."