ஊற்றாத தட்டு

கண்ணாடித் தடுப்புக்குள் இரண்டு கைகளையும் விட்டு, சின்னத் தட்டுகளில் வளரும் ஈரல் செல்களுக்கு அவள் ஆல்கஹால் விட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கையுறையோடு எடுக்க முடியாது. கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரர் எடுத்து அவள் காதோடு வைத்தார். அம்மா அழவில்லை. ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்க்கும் டாக்டர் உன்னையும் வரச் சொல்கிறார், சாப்பிட்டுவிட்டு வா என்றாள். அந்தச் சாப்பிட்டுவிட்டு வாவிலேயே அண்ணன் இனித் தாங்கமாட்டான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

மீதித் தட்டுகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவர் அவளை அனுப்பிவைத்தார்.

குடித்தால் ஈரல் கெடும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எப்படிக் கெடுகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு செல் பக்கத்துச் செல்லுக்கு ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டிருக்கிறது: காயம் பட்டிருக்கிறது, ஆற்று, ஆறிவிட்டது, நிறுத்து. குடியில் ஊறிய ஈரலில் 'ஆற்று' மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். 'நிறுத்து' காதில் விழாது. தழும்புக்கு மேல் தழும்பு விழுந்து ஈரல் இறுகிப்போகும். அந்தச் சேதி எந்த இடத்தில் தொலைகிறது என்று தேடித்தேடியே அவளுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது.

அண்ணன் டெலிபோன் பழுது பார்ப்பவன். தங்கையின் வேலையைத் தன் பாஷையில் தெரு முழுக்கப் பரப்பியிருந்தான். "அவளும் லைன் ரிப்பேர்தான் பண்றா. என்ன, அவ கம்பி கண்ணுக்குத் தெரியாது." ஆய்வகத்து போனைச் சரிசெய்ய வந்த அன்று, தட்டுகளில் ஆல்கஹால் விடுவதை எட்டிப் பார்த்துவிட்டு, ஓசியில் குடிக்கிற இதுகள் கொடுத்துவைத்தவை என்று அவன் சொல்ல, கண்ணாடிக்காரர் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய தடித்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவனும் அவன்தான்.

அப்போது அவன் குடியை விட்டுவிட்டிருந்தான். சத்தியம், சபதம் எதுவும் செய்யாமல், ஒரு நாள் காலையில் எழுந்தவன் குடியை நிறுத்தினான். பிறகு தொடவே இல்லை. ஆனால் ஈரல் அதற்குள் கைமீறிப் போயிருந்தது. "கல்லீரல்னு பேர்லயே கல்லு இருக்கு பாப்பா. நான் அதை மெய்யாக்கிட்டேன்" என்பான்.

ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அவன் கால்நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணும் தோலும் மஞ்சள் பூத்திருந்தன. கைகால்கள் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பியிருந்தது. காலையிலிருந்து நினைவு வருவதும் போவதுமாக இருந்தவன், தங்கையைப் பார்த்ததும் தெளிந்தான்.

"கண்ணாடிக்காரர்கிட்ட பேசிட்டேன்" என்றான். "டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். நான் போனதும் இந்த ஈரல்ல ஒரு துண்டு எடுத்து உங்க எடத்துக்கு அனுப்புவாங்க."

முன்பின் தெரியாதவர்களின் ஈரல் துண்டுகள் பனிக்கட்டிப் பெட்டியில் ஆய்வகத்துக்கு வருவது உண்டு. பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டிலும் கட்டிலருகே ஓர் அம்மாவும் இருந்திருப்பார்கள் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

"வேணாம்ணா."

"யார் யாரோடதோ வச்சுப் பாக்கற. என்னோடது மட்டும் ஆகாதா? நல்லா ஊறின சரக்கு."

நகவெட்டி நின்றது. "உயிரோட இருக்கறப்ப குத்துனதும் கிழிச்சதும் போதும்" என்றாள் அம்மா. "எம்புள்ளைய முழுசாத்தான் அனுப்புவேன்."

அவன் வாதாடவில்லை. அம்மாவின் மடியில் இருந்த காலை லேசாக ஆட்டினான். "சுண்டுவிரல் பாக்கி இருக்கும்மா." அம்மா குனிந்து அதையும் வெட்டினாள்.

அதற்கப்புறம் தூங்கியவன் எழுந்திருக்கவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து சுவருக்கு நகர்ந்தது. மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அம்மா போர்வையை இழுத்து அவன் பாதங்களை மூடினாள்.

டாக்டர் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். எடுப்பதானால் சீக்கிரம் எடுக்க வேண்டும், தாமதமானால் செல்கள் பிழைக்காது என்றார். அது அவளுக்கும் தெரிந்ததுதான். அம்மாவிடம் போய்க் கேட்க வாய் வராமல், வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றாள். திரும்பினால் அம்மா கதவருகே நின்றிருந்தாள்.

"வலிக்குமா?"

எத்தனையோ அரங்குகளில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொன்னவள் அம்மாவின் தோளைத் தொட்டாள். "வலிக்காதும்மா."

"நீதான் எடுப்பியா?"

"இல்லம்மா. கூடப் பொறந்தவ நான், கிட்டப் போகக் கூடாது."

அம்மா கையில் இருந்த அவன் தோள்துண்டை மடித்தாள். பிரித்து, மறுபடி மடித்தாள்.

"நான் வேணாம்னு சொன்னதைத்தான் காலம்பூரா செஞ்சான். வேணும்னு வாய்விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். எடுத்துக்கச் சொல்லு."

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, வீட்டு நாற்காலிகள் பழைய இடத்துக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் காலையில், பாத்திரம் துடைத்துக்கொண்டே அம்மா கேட்டாள்: "அவனை எங்க வச்சிருக்கீங்க?"

மகள் அவளை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனாள். கண்ணாடிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு தட்டை எடுத்துவந்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். துண்டிலிருந்து பிரித்து வளர்த்த செல்கள் அதில் இருந்தன. அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தாள். முதலில் எதுவும் தெரியவில்லை என்றாள். மகள் குமிழைத் திருப்பியதும் தெரிந்தது.

"உயிரோட இருக்கா?"

"இருக்கும்மா."

"கையைக் கையை நீட்டிக்கிட்டு இருக்கே."

"பக்கத்துல இருக்கறதைத் தொடப் பாக்குதும்மா."

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. "இதுக்கும் ஊத்துவீங்களா?"

மகள் கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்: "சிலதுக்கு ஊத்தணும்மா. சிலதை ஊத்தாம அப்படியே வளர்ப்போம். ரெண்டையும் வச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும்."

"அப்ப இது ஊத்தாததா இருக்கட்டும்."

எதற்கு ஊற்றுவது, எதற்கு ஊற்றாமல் விடுவது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல்தான் முடிவுசெய்வார்கள். ஆள் பார்த்து ஒதுக்கக் கூடாது. அதைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் கண்ணாடிக்காரர் தட்டை எடுத்தார். இதைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக வளர்த்துக்கொள்ளலாம் என்று முணுமுணுத்தபடி, ஆல்கஹாலின் ஆவிகூட அண்டாத வேறொரு பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்தார்.

"சாப்பாடு?" என்றாள் அம்மா.

மகள் குளிர்பெட்டியைத் திறந்து, வெளிர்சிவப்புத் திரவம் நிறைந்த புட்டியை எடுத்துக் காட்டினாள். அம்மா அதை இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

"சில்லுன்னு இருக்கே."

"அப்படியே குடுக்க மாட்டோம்மா."

புட்டியை வெந்நீர்த் தொட்டிக்குள் இறக்கினாள். இருவரும் பக்கத்தில் நின்றார்கள். சற்றுப் பொறுத்து அம்மா நீருக்குள் விரல் விட்டுப் புட்டியைத் தொட்டுப் பார்த்து, இன்னும் ஆகவில்லை என்று தலையசைத்தாள்.