தலைவர் முகத்தில் ஒரு கோடு

நாலடிக்கு இரண்டு விரற்கடை குறைவு, அவ்வளவுதான் அந்த ஆண்டெனாக் கம்பி. அதை வெட்டியவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. வெட்டிய பிறகு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டானே ஒருவன், அவனை நினைத்தால் இன்னும் அதிகமாக வருகிறது. அவன் பெயர் கருணாகரன். நான்தான்.

தி.நகரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே என் கடை. வண்டிகளில் வயர்லெஸ் செட் மாட்டுவது தொழில். மயிலாப்பூரில் உள்ள ஓர் அறக்கட்டளை, மழைக்காலத்தில் அடையாற்றங்கரைக் குடிசைகளுக்குப் படகும் கயிறும் கொண்டுபோக ஒரு பிக்கப் வண்டி வாங்கியிருந்தது. வண்டியில் ஒரு செட். கரையில் குடியிருக்கும் சுலோச்சனா என்ற பெண்ணிடம் ஒரு வாக்கி டாக்கி. வெள்ளம் வந்தால் முதலில் செல்போன்தான் படுக்கும். அப்போது அவள் கூப்பிடுவாள், வண்டி போகும். நல்ல ஏற்பாடு. இதை யோசித்த புண்ணியவான் யாரோ, அந்த ஆபீசில் அவரை நான் பார்க்கவேயில்லை.

வேலையைச் சுத்தமாகத்தான் செய்தேன். வண்டிக் கூரை நடுவில் துளை போட்டபோது அறக்கட்டளை மானேஜர் பரத்வாஜ், “ஐயோ, புது வண்டியாச்சே!” என்று கண்ணை மூடிக்கொண்டார். துளையைச் சுற்றி பெயிண்டைச் சுரண்டி, ஆண்டெனாவின் அடிப்பாகம் தகரத்தை நன்றாகக் கவ்வும்படி முடுக்கினேன். கேபிளைக் கதவோரமாக இறக்கி, செட்டுக்குப் பேட்டரியிலிருந்தே ஃபியூஸ் வைத்து லைன் கொடுத்தேன். கம்பியின் நீளத்தை மீட்டர் வைத்துப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். அந்த நீளம் அழகுக்கு இல்லை. செட் அனுப்பும் சக்தி முழுவதும் வெளியே போக அந்த நீளம் வேண்டும். குறைந்தால் சக்தி திரும்பி வந்து செட்டையே சுடும்.

மாலையில் மயிலாப்பூரில் வண்டிக்குள் உட்கார்ந்து மைக்கை அழுத்தினேன். “சுலோச்சனாம்மா, கேக்குதா? ஓவர்.”

“சூப்பரா கேக்குதுண்ணா! சோறு வடிச்சிக்கினு கீறேன். இன்னா கொயம்பு வெக்கட்டும், சொல்லு. ஓவர்!”

மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் அவள் சிரித்தது பக்கத்தில் இருந்து சிரித்ததுபோல் கேட்டது. அன்றைக்கு நான் வீட்டுக்குச் சந்தோஷமாகப் போனேன்.

மறுநாள் காலை தொடக்க விழா. வண்டிக்குப் பின்னால் ஒரு ஃபிளெக்ஸ் பேனர், அதில் அறக்கட்டளைத் தலைவர் கோதண்டபாணியின் முகம் கதவு அகலத்துக்குச் சிரித்தது. படகு படமும் இருந்தது, தீப்பெட்டி அளவில். வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். போட்டோக்காரர் கேமராவில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பரத்வாஜ் என்னிடம் ஓடிவந்தார்.

“கருணாகரன், கொஞ்சம் இப்படி வாங்கோ. அந்தக் கம்பி சாரோட மூஞ்சில குறுக்கே விழறது. தாவாங்கட்டைலேர்ந்து நெத்தி வரைக்கும் கோடு போட்டுண்டு நிக்கறது. பார்க்கச் சகிக்கலை.”

“வண்டிய ரெண்டடி தள்ளி நிறுத்துங்க சார்.”

“எலுமிச்சம்பழம் வெச்சாச்சே! நல்ல நேரத்துக்கு முன்னாடி நகர்த்தினா நசுங்கிடும். அபசகுனம்.”

“அப்ப கம்பியக் கழட்டிர்றேன். போட்டோ முடிஞ்சதும் மாட்டிக்கலாம்.”

“சார் மைக்ல பேசற மாதிரி போட்டோ வேணும். கம்பியே இல்லாம பேசினா யார் நம்புவா? ஒரு சாண் இருந்தாப் போறும்.”

வெட்டக்கூடாது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். விளக்கிக்கொண்டே இருந்தேன், அதுதான் என் முட்டாள்தனம். அதற்குள் பந்தல்காரர் வண்டிமேல் ஏறி, கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டார். மூன்றடிக் கம்பி கோலத்தின் மேல் வந்து விழுந்தது. பரத்வாஜ் அதைக் காலால் ஓரமாகத் தள்ளினார். தலைவர் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

உடனே பரத்வாஜ் என்னிடம் ஒரு படிவத்தை நீட்டினார். ‘ஆற்றங்கரை வரை பேசிச் சோதித்தேன், தெளிவாகக் கேட்டது’ என்று அச்சடித்திருந்தது. “சார் வந்துண்டிருக்கார், சீக்கிரம் போடுங்கோ. அடுத்து வாங்கற வண்டியெல்லாம் உங்களுக்குத்தான்.” சுற்றிலும் ஜனம், நாதஸ்வரம் வேறு. நான் பேனாவை வாங்கினேன். நேற்று கேட்டதே, அது பொய்யில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நேற்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். திருடன்கூட இவ்வளவு நுணுக்கமாக யோசிக்கமாட்டான்.

தலைவர் வந்து வண்டிக்குள் உட்கார்ந்தார். சுலோச்சனா வாக்கி டாக்கியோடு மேடை ஓரத்தில் நின்றாள். இடையில் பத்தடி. “வணக்கம்! கரையோர மக்களுக்கு என் வணக்கம்!” என்று அவர் மைக்கில் முழங்க, அது அவள் கையில் ஒலித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பத்தடி தூரத்துக்குக் கம்பிக்குப் பதில் ஓர் ஆணியை நட்டு வைத்தாலும் கேட்கும். மனிதர் மைக்கை விடவில்லை. பட்டனை அழுத்தியபடியே நாலைந்து நிமிடம் சேவையைப் பற்றிப் பேசினார். சாம்பிராணிப் புகையோடு செட் கருகும் நாற்றமும் வந்தது. அந்த நாற்றம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சுலோச்சனா லட்டு கொண்டுவந்து என் கையில் வைத்தாள். அவள் புருஷன் அசோகனுக்கு, கட்டடச் சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மழை தொடங்கும் முன்னால் அவரை ஆட்டோவில் ஏற்றி நங்கநல்லூரில் நாத்தனார் வீட்டில் விட்டுவிடுவாள். நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாளாம்.

“இந்த வருசம் அனுப்பலண்ணா. அதான் வாக்கி கீதே, கூப்டா படகு வந்துடும். இனிமே இன்னா பயம்?” என்றாள்.

நான் லட்டைத் தின்றேன். அதைத் தின்ற வாய் இதுதான்.

மூன்றாம் நாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. புதுக் கம்பியையும் வேறொரு செட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு பரத்வாஜுக்குப் போன் செய்தேன்.

“வண்டி இங்க இல்லையே! பெசன்ட் நகர்ல சார் ஆத்துல சோஃபா இறக்கிண்டிருக்கா. இது தூறல்தானே, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்” என்றார்.

போனை வைத்துவிட்டு அடையாற்றுக்குப் போனேன். சுலோச்சனாவின் வீட்டுக்குள் கட்டிலில் அசோகன் சாய்ந்திருந்தார். தலைமாட்டில் ஆணியில் வாக்கி டாக்கி தொங்கியது. பிளாஸ்டிக் பை போட்டு, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். “உன் புண்ணியத்துல இந்த வருசம் வூட்டோட கீறேன் நைனா,” என்றார் அவர். சுலோச்சனா எனக்கு டீ கொடுத்தாள்.

“இது வேல செய்யாதும்மா. வண்டில இருக்கற செட்டு கருகிப்போச்சு,” என்றேன்.

அவள் நம்பவில்லை. வாக்கி டாக்கியை எடுத்துப் பட்டனை அழுத்தினாள். “ஹலோ வண்டி, கேக்குதா? ஓவர்.” மூன்று தடவை கூப்பிட்டாள். மழைச் சத்தம்தான் கேட்டது.

“அன்னிக்கி பேசினாரே?”

“பத்தடி தூரம்மா அது. கம்பிய வெட்டிட்டாங்க, அவரு போட்டோவுக்கு மறைக்குதுன்னு.”

“அப்ப நல்லா கீதுன்னு எய்திக் குடுத்தது யாரு?”

“நான்தான்.”

என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, டீயை வாசல் சாக்கடையில் ஊற்றினாள். டம்ளரை இரண்டு தடவை கழுவிக் கவிழ்த்தாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, “ஆட்டோ! நங்கநல்லூர் வர்ரியா?” என்று கத்தினாள்.

ஆட்டோ வந்து நின்றது. அவள் உள்ளே வந்து அசோகனின் தோள்பக்கம் கையைக் கொடுத்தாள். நான் கால்பக்கம் பிடிக்கக் குனிந்தேன்.

“நீ தொடாத,” என்றாள்.