சத்தம் குறைந்த வண்டி

கெத்திவே வளைவில் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பெரியப்பா பெகானி இலந்தைக் கிளையை இரண்டு கையாலும் பிடித்தபடி சாலையோரச் சரளையில் நடந்தார். கண்ணாடித் துகள்கள் இன்னும் கிடந்தன. இரும்புத் தடுப்பில் ஒரு வண்டி நீளத்துக்குப் பெரிய ஓட்டை. போன சனிக்கிழமை மதியம், தூறலில், அவருடைய தம்பி வுசுமுஸி அந்த வழியாகத்தான் பள்ளத்துக்குள் போனான்.

இறந்த இடத்திலிருந்து ஆவியை இலந்தைக் கிளையில் அழைத்து வராமல் எங்கள் பக்கம் உடலைப் புதைக்க மாட்டார்கள். மூத்தவன்தான் போக வேண்டும். கிளையைக் கையில் எடுத்தால் வீடு சேரும்வரை உயிரோடிருப்பவர் யாரிடமும் பேசக் கூடாது. இறந்தவனிடம் மட்டும், வழியில் வருவதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். மனதில் எதையாவது ஒளித்து வைத்தால் அவன் பாதியில் இறங்கிவிடுவான் என்பார்கள். பெகானி நழுவத்தான் பார்த்தார். இடுப்பு வலி என்றார், சித்தப்பா மகன் போகட்டுமே என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குனிந்து கிளையைத் தரையில் தொட்டார். குடும்பத்துக்கே பொதுவான குலப்பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

"கபசேலா," என்றார். "வுசி, அண்ணன் வந்திருக்கேன். எந்திரி, வீட்டுக்குப் போவோம். கார்ல ஏறு. உன் மகதான் ஓட்டுறா."

கெத்திவே கொஞ்ச நேரம் விட்டுக் கதவைச் சாத்தினாள். லேடிஸ்மித்தில் பள்ளி ஆசிரியை. அப்பன் செத்து ஆறு நாளாகியும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சக்காரி என்று அத்தைமார் பேசிக்கொண்டார்கள். அது கல் இல்லை, கோபம். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து மாதாமாதம் வரும் அப்பாவிடம் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், வண்டி வேகம் நூறைத் தாண்டக் கூடாது. அவரும் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணியிருந்தார். போலீஸ்காரர்களோ டயர் தடத்தை அளந்து, நூற்றுப் பத்துக்கு மேல் என்று எழுதிவிட்டார்கள். ஊர் அதை நூற்று நாற்பது ஆக்கியது. குடித்திருந்தான் என்றது. பக்கத்து இருக்கையில் வந்த துபே, கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபடி, வேகமானி முள் நூறில்தான் நின்றது, என் கண்ணால் பார்த்தேன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். கூட்டாளிக்காகப் புளுகுகிறார் என்று சிரித்தார்கள். நாளை அடக்கத்தில் இளைஞர்களுக்கு ஒரு பாடமாக வேகத்தைப் பற்றிப் பேசட்டுமா என்று பாதிரியார் வுசுமுஸியின் மனைவி தோகோவிடம் கேட்டிருந்தார். துக்க வழக்கப்படி மெத்தையில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்த விதவை வேறென்ன செய்வாள், தலையை ஆட்டினாள்.

துபே சொன்னது நிஜம் என்று தெரிந்த ஒரே ஆள் பெகானி.

வுசியின் பழைய பிக்கப்புக்கு நாலே கியர். நெடுஞ்சாலையில் நூறு போனால் இன்ஜின் மூவாயிரத்து எழுநூறு சுற்றுச் சுற்றி அலறும். நாலு மணி நேரம் அதில் வந்து இறங்குகிறவனுக்கு மறுநாள்வரை காது இரையும். மாதாமாதம் அண்ணனின் பட்டறைக்கு வந்து புலம்புவான்.

"இது வண்டியாண்ணே, மாவு மில்லு. நாலாவது போட்டப்புறமும் கை தன்னால அஞ்சாவதைத் தேடுது."

பெகானி பழைய இரும்புக் கடையில் ஒரு சரக்கு வேனின் அஞ்சு கியர் பெட்டியைக் கண்டுபிடித்து, இரண்டு நாள் வண்டிக்கடியில் படுத்து, சக்கரத்துக்குப் போகும் தண்டை வெட்டி ஒட்டி மாட்டினார். சுற்று அறுநூறுக்குக் குறையாமல் இறங்கியது. வெள்ளோட்டத்துக்குத் தனியாகப் போனபோதுதான் இன்னொன்று தெரிந்தது. முள்ளை நூறில் நிறுத்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்ததற்கு முப்பத்தாறு நொடி ஆக வேண்டும். முப்பத்திரண்டில் போய்விட்டது. திரும்பப் பார்த்தார், முப்பத்திரண்டுதான். வேகமானியைச் சுழற்றும் சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரம் அந்தப் பெட்டியோடு வந்தது, வேனின் கணக்குக்குச் செய்தது. முள் நூறு காட்டினால் வண்டி நூற்றுப் பன்னிரண்டில் ஓடும்.

சரியான சக்கரம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். சொல்லவாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வுசி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, உள்ளே உட்கார்ந்து பேசினால் பேச்சுக் கேட்கிறது என்று ஊரைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். இந்த மாதிரி மெக்கானிக் டர்பனில் கூடக் கிடையாது என்றான். அந்தப் புகழ்ச்சி பெகானிக்கு இனித்தது. அவன் ஊருக்கு வந்துபோன மூன்று மாதக் கடைசிகள் அப்படியே போயின.

கார் மலையை விட்டு இறங்கியது. லேடிஸ்மித் வந்தாயிற்று என்றார் பெகானி. பெட்ரோல் பங்க் என்றார், ரயில்பாதை என்றார். மடியில் கிளை இருந்தது. கெத்திவே தொண்ணூறிலேயே ஓட்டினாள். கொலென்ஸோவில் பாலம் ஏறியபோது, "டுகேலா ஆறு, வுசி. தண்ணி நிறையப் போகுது," என்றார்.

பாலம் முடிந்ததும் கெத்திவே பேசினாள். அவரிடம் இல்லை. கண் சாலையில் இருந்தது.

"பொய் சொல்லிட்டீங்கல்லப்பா. என் தலையில கை வச்சு."

பெகானி அவள் பக்கம் திரும்பப் போனார். திரும்பக் கூடாது. அவளுக்குப் பதில் சொல்லும் உரிமை வீடு சேரும்வரை அவருக்கு இல்லை. கிளையைப் பார்த்தார்.

"வுசி, நீ பொய் சொல்லல," என்றார். "உனக்கு முள்ளு நூறுதான் காட்டுச்சு. வண்டி நூத்திப் பன்னெண்டுல போச்சு. கியர் பெட்டி மாட்டுன அன்னைக்கே எனக்குத் தெரியும். நான் சொல்லல. முந்தியெல்லாம் நீ காதை வச்சே வேகத்தைக் கண்டுபிடிச்சிருவ. அந்தச் சத்தத்தையும் நாந்தான் எடுத்துட்டேன். இப்பக் கேட்ட கம்மிச் சத்தத்துக்குத் தொண்ணூறு கூட இல்லன்னு நெனச்சிருப்ப."

கார் மெதுவாகி, புல்லோரம் ஏறி நின்றது. கெத்திவே கதவைத் திறந்து இறங்கி, முள்வேலிப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பின்னால் வந்த லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே போனது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் பெகானிக்கு அனுமதி இல்லை. நடப்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"கொஞ்சம் நின்னுருக்கோம், வுசி," என்றார். "உன் மக இறங்கிப் போயிருக்கா. அழறா. நல்லா அழறா. பொறு, வந்துருவா."

அவள் வர வெகுநேரம் ஆயிற்று. வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். வீனன் திருப்பத்தையும், பள்ளிக்கூடத்தையும், பசு மேய்ந்த வயலையும் பெகானி சொல்லிக்கொண்டே வந்தார். வாசலில், வீடு வந்தாயிற்று, இறங்கு என்றார்.

உள்ளே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சவப்பெட்டி இருந்தது. கிளையை அதன்மேல் வைத்தார். இனி அவர் யாரிடமும் பேசலாம். தோகோ மெத்தையிலிருந்து நிமிர்ந்து, நல்லபடியாகக் கூட்டி வந்தீர்களா என்று கேட்டாள். அவர் வாயெடுக்கும் முன் கெத்திவே அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"இங்க வேண்டாம் பெரியப்பா. வெளிய பாதிரியார் இருக்காரு. ஊரே இருக்கு. அங்க சொல்லுங்க. அம்மாவுக்கு இங்கேயே கேக்கும்."

சொல்லிவிட்டுப் போய் ஜன்னலைத் திறந்தாள்.

அவர் வெளியே வந்ததும் வாசல் கூடாரத்தில் ஆண்கள் பேச்சை நிறுத்தித் தொப்பிகளைக் கழற்றினார்கள். தம்பியை வழிதவறாமல் கொண்டு சேர்த்த மூத்தவருக்குச் செய்யும் மரியாதை அது. பாதிரியார் எழுந்து கைகொடுத்தார். முன்வரிசை பெஞ்சில் இருந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்து, நடுவில் இடம் விட்டார்கள்.

"உக்காருங்க, கபசேலா," என்றார் ஒருவர். "ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க."

பெகானி திறந்த ஜன்னலைப் பார்த்தார், சொல்ல வேண்டியதைச் சொல்ல நின்றுகொண்டே இருந்தார். பெஞ்சின் நடுவே அந்த இடம் காலியாகவே இருந்தது.