முந்நூற்றுப் பன்னிரண்டாவது பயனாளி

கறாரம்மா என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். காதுபடவே சொல்வார்கள். அவளும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள். ஊர்க்காரர்கள் கொடுக்கும் நன்கொடையைச் சேர்த்து, சின்னச் சின்னத் தொண்டு அமைப்புகளுக்கு மானியமாக வழங்கும் அறக்கட்டளை அது. விண்ணப்பித்தவர்களை நேரில் போய்ப் பார்த்து வருவது இவள் வேலை. போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். பார்க்க வருபவருக்கு எதைக் கொடுத்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி என்று விதி எழுதிய மகராசியே அவள்தானே!

அன்று காலை போனது ஒரு தகரக் கொட்டகைக்கு. முன்னாள் சைக்கிள் மெக்கானிக் ஒருவரும் அவர் சம்சாரமும் அங்கே உடைந்த சக்கர நாற்காலிகளை இலவசமாகச் சரிசெய்து கொடுக்கிறார்கள். அவர்களுடைய வெல்டிங் மெஷின் உயிரை விட்டிருந்தது. பதினான்கு நாற்காலிகள் சுவரோரம் கிடந்தன, அவற்றுக்கு உரிய பதினான்கு பேர் வீட்டோடு கிடந்தார்கள். புது மெஷினுக்குத்தான் மானியம் கேட்டிருந்தார்கள். வருஷத்தின் கடைசிக் கமிட்டிக் கூட்டம் அன்றைக்கே மூன்று மணிக்கு. அதை விட்டால் அடுத்த வருஷம்தான்.

கேட்டில் கால் வைத்ததும் அவளுடைய வலது செருப்பு வார் அறுந்தது.

"கழட்டிக் குடுங்க மேடம், ரெண்டு நிமிஷ வேலை," என்றாள் சம்சாரம்.

"வேண்டாம். விதி இருக்கு."

"விதியை மாட்டிக்கிட்டு நடக்க முடியுமா?"

முடியும் என்று ஒற்றைக் காலில் நின்றாள் கறாரம்மா. செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்தபடியே கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு மேஜை முன் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, காகிதங்களில் மூழ்கினாள். எழுந்து காலை நுழைத்தால் வார் கிண்ணென்று பிடித்தது. பளபளவென்று ஒரு புது ரிவிட்!

"யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

"நடக்க முடியாம வர்றவங்களை நாங்க எதுவும் கேக்கறதில்ல மேடம்," என்றாள் சம்சாரம்.

"எவ்வளவு ஆச்சு? சொல்லுங்க, குடுத்துடறேன்."

அதுவரை வாயே திறக்காத மெக்கானிக் திறந்தார். "காசு வாங்கக் கூடாதுங்க. அது எங்க விதி."

சரியான ஜோடிப் பொருத்தம் போங்கள்! இவள் சும்மா வாங்கக் கூடாது, அவர்கள் காசுக்குக் கொடுக்கக் கூடாது. பிரித்துவிடுங்கள் என்றாள். பிரித்தால் வார் கிழிந்துவிடும் என்றார் அவர். வேறு வழி தெரியாமல், சம்சாரம் நீட்டிய பயனாளிகள் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

செருப்பு என்னவோ ஜம்மென்றுதான் நடந்தது. அவளுக்குத்தான் பஸ்ஸில் கண் கலங்கிவிட்டது. பாவம், நல்லது செய்யப்போய் இப்படி மாட்டிக்கொண்டார்களே! சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியுமே, அதுதான் தொல்லை.

மூன்று மணிக்குக் கமிட்டியில் ஒன்று விடாமல் சொன்னாள். "விதிப்படி தள்ளுபடிதான்," என்று ஃபைலை மூடினாள்.

கமிட்டித் தலைவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். "எதுக்கும் அந்தப் பதிவேட்டையும் காட்டும்மா," என்றார்.

படம் திரையில் விரிந்தது. அவளும் அப்போதுதான் அதைப் படித்தாள். வரிசையாகப் பதினான்கு பேர். டீச்சர், அச்சு முறிவு, காத்திருக்கிறார். தையல்காரர், கால்தாங்கி முறிவு, காத்திருக்கிறார். ஒவ்வொரு வரியும் காத்திருக்கிறார் என்றே முடிந்தது. கடைசி வரி மட்டும் வேறு:

"312. மேடம் ஒருவர். வலது செருப்பு வார். இழுத்து இழுத்து வந்தார். இனி நடப்பார்."

தலைவர் சிரித்துவிட்டார். "இது அன்பளிப்பு இல்லம்மா, அவங்க வேலை. நீ பயனாளி. ஆனா பயனாளி ஓட்டெடுப்புல இருக்கக் கூடாதே? அதுவும் நீ எழுதின விதிதான். வெளிய நில்லு."

நின்றாள். எத்தனையோ பேரை வெளியே நிறுத்தியவள், அந்த நடைபாதை எவ்வளவு நீளம் என்று அன்றுதான் கண்டாள். கதவைத் திறந்து தலைவர் தலையாட்டியதும் அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. உடனே கொட்டகைக்குப் போன் போட்டாள்.

எடுத்ததும் சம்சாரம் கேட்டாள், "மேடம், வார் பிடிக்குதா?"

மானியம் என்ன ஆயிற்று என்றல்ல. கறாரம்மா குனிந்து செருப்பைப் பார்த்தாள்.

"பிடிக்குது. மெஷினும் வருது. அந்தப் பதினாலு பேருக்கும் இப்பவே சொல்லிடுங்க."

"சொல்லிடறோம்! உங்க இடது வாரும் இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு, பாத்தேன். கொண்டு வாங்க."

"கொண்டு வரேன்," என்றாள் கறாரம்மா. "ஆனா அந்தப் பதினாலு பேருக்கு அப்புறம்தான்."