வாடகை அறைக்குக் குடிவந்த பாவசங்கீர்த்தனக் கூண்டு

மாதா கோயிலின் இடப்பக்க மூலையில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கென்று ஆடாமல் அசையாமல் நின்றிருந்த பாவசங்கீர்த்தனக் கூண்டு, ஒரு சனிக்கிழமை காலை பல்செட்காரியின் வாடகை அறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே நின்றது. சாமியார் உட்கார ஒரு கதவு வைத்த பாதி, பாவி முழந்தாளிட ஒரு பலகை, இடையில் துளை போட்ட தட்டி என்று நாலு ஆள் தூக்க வேண்டிய மரச்சாமான் அது. அறை வாசலோ ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலம். எப்படி உள்ளே வந்தது என்று வீட்டுச் சொந்தக்காரர் கேட்கவில்லை. சுவரில் ஆணி ஏதும் அடித்திருக்கிறதா என்று பார்த்தார், இல்லை என்றதும் போய்விட்டார்.

பல்செட்காரி என்பது தொழிலால் வந்த பெயர். பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சில் மெழுகால் ஈறு பிடித்துப் பல் பதிக்கும் வேலை. அவளுடைய மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் அவளே செய்து அவளே மாட்டிக்கொண்டவை. அசல் பற்களைக் கழற்றியவர் அவள் கணவர், கோயில் பாடகர் குழுவின் தலைவர். அவர் பாடினால் பீடத்து மெழுகுவர்த்திகூட அழும் என்பார்கள். அப்படிப்பட்ட குரல் உள்ளவருக்குக் கையும் காலும் இருக்கும் என்று அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கில் யாருக்கும் தோன்றவில்லை. பல வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், கடிக்கப் பல் குறைந்ததும் ஒரு நாள் பெட்டியோடு வெளியேறினாள்.

வெளியேறினால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது குற்ற உணர்ச்சி. மரணம் பிரிக்கும்வரை என்று பீடத்தின் முன் வாயாரச் சொல்லியாயிற்று. மரணம் இன்னும் வரவில்லை, அதற்குள் இவள் பிரிந்துவிட்டாள். கூண்டில் போய் முழந்தாளிட்டு, புருஷனை விட்டு வந்த பாவத்தைச் சொன்னாள். பங்குச்சாமி நல்ல மனுஷர். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அடிக்கிறவன விட்டு வந்தது பாவம் இல்லம்மா. பாவம் இல்லாதத மன்னிக்க எனக்கு அதிகாரம் கிடையாது."

ஆறுதலாகச் சொன்னதுதான். அவளுக்கோ மனு திருப்பி அனுப்பப்பட்டது போலிருந்தது. மறுவாரமும் போனாள். பக்கத்துப் பங்குக்கும் போனாள், ஒரு டாக்டர் சரியில்லை என்று இன்னொருவரிடம் காட்டுவதுபோல. அங்கேயும் அதே பதில். தன்னுடைய பாவம் சாதாரணச் சாமியார்களுக்கு எட்டாத பெரிய பாவம் என்று முடிவுகட்டி, காலையும் மாலையும் கூண்டருகே போய் நின்றாள். அவள் இப்படி நடையாய் நடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் கூண்டே கிளம்பி வந்துவிட்டது என்பது பங்கில் பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம்.

நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தார்கள். அவர்கள் கை கழுவி முடிப்பதற்குள் கூண்டு கட்டிலருகே வந்திருந்தது. அதன்பின் சனிக்கிழமை மாலைகளில் பங்குச்சாமியே அவள் அறைக்கு வரத் தொடங்கினார். மாடிப்படி நெடுக வரிசை நின்றது. எடையில் ஏமாற்றியவர், தம்பி நிலத்தை வளைத்தவர், மாமியாரைப் பட்டினி போட்டவர் எல்லாரும் தங்கள் முறை வரும்வரை அவள் கட்டிலில் உட்கார்ந்து, புருஷனை விட்டு வந்தவளுக்குப் புத்தி சொன்னார்கள்.

எல்லாரையும்விட அதிகம் சொன்னது அக்காள்தான். "அடிக்காத புருஷன் எந்த ஊர்லடி இருக்கான்? எங்க வீட்டுக்காரர் இப்ப அடிக்கிறதில்லதான், அவருக்குத் தோள்பட்டை தூக்க வரல." வரும் சனிக்கிழமை உன் புருஷன் வருவார், பாவசங்கீர்த்தனம் பண்ணுவார், சுத்தமான ஆத்துமாவோடு உன்னைக் கூட்டிக்கொண்டு போவார் என்று அக்காள் ஏற்பாட்டைச் சொன்னாள். பல்செட்காரி தலையாட்டினாள். போய்விட்டால் இந்தப் பாரம் இறங்கும் என்று நம்பித் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை பங்குச்சாமி, சாகக் கிடந்த ஒரு நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கப் போனதில் தாமதமாகிவிட்டது. அதற்குள் கூண்டைத் துடைத்துவிடலாம் என்று துணியோடு சாமியார் உட்காரும் பாதிக்குள் நுழைந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ முழந்தாளிடும் சத்தம். தூசி தொண்டையில் அடைத்ததால் செருமினாள். பங்குச்சாமியின் செருமலைத் தெரிந்தவர்கள் யாரும் உள்ளே இருப்பது அவர்தான் என்றே நினைத்திருப்பார்கள்.

"சாமி, என்னை ஆசீர்வதியுங்க, நான் பாவி" என்றது மெழுகுவர்த்தியை அழவைக்கும் அந்தக் குரல்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இறைச்சி சாப்பிட்டதைச் சொன்னார். பூசைக்குப் பிந்திப் போனதைச் சொன்னார். பாடகர் குழுவில் ஒருவன் தன்னைவிட நன்றாகப் பாடியதால் பொறாமைப்பட்டதை விரிவாகச் சொல்லி, குரல் உடைந்து அழுதார். பெரியது இனிமேல்தான் வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"வேற?" என்றாள் கரகரத்த குரலில்.

அவர் உண்மையாகவே யோசித்தார். துளை வழியே அந்த முகம் தெரிந்தது. அதில் கள்ளம் துளியும் இல்லை.

"வேற ஒண்ணும் இல்ல சாமி. என் பொண்டாட்டி செஞ்ச பாவத்துக்காகத்தான் வேண்டிக்கோங்க."

பல்செட்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். முழந்தாளிட்டபடியே நிமிர்ந்து பார்த்தவரிடம், "நான் வரல. நீங்க கிளம்புங்க" என்றாள். படியில் நின்ற வரிசை அவருக்கு வழிவிட்டது. ஏற்பாடு செய்த அக்காளும் அவர் பின்னாலேயே படியிறங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் வந்த பங்குச்சாமியிடம், அடுத்தவருடைய பாவசங்கீர்த்தனத்தை உட்கார்ந்து கேட்டுவிட்டேன் என்று முழந்தாளிட்டாள். சாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை மாதத்தில் அவள் கொண்டுவந்த முதல் அசல் பாவம். கண்டிப்பாகக் கண்டித்து, மனதார மன்னித்து, ஒரு முழுச் செபமாலை விதித்தார். அன்று அவள் இரவு முழுக்கத் தூங்கினாள்.

கூண்டு இனிப் பாடகர் வீட்டுக்குப் போகும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அது அந்தத் தெருப்பக்கமே திரும்பவில்லை. தங்களிடம் பாவமே இல்லை என்றிருப்பவர்கள் வீட்டுக்கு அது போகிற வழக்கமில்லை. அவர் இன்றும் பாடுகிறார், நன்றாகவே பாடுகிறார்.

சில வருஷம் கழித்துப் பல்செட்காரி சொந்தமாகப் பட்டறை வைத்து, இரண்டு அறை உள்ள வீட்டுக்கு மாறினாள். சாமான் ஏற்றியவர்களிடம் கூண்டை விட்டுவிடச் சொன்னாள். புது வீட்டைத் திறந்தபோது அது உள்ளே நின்றிருந்தது, முன்பைவிடக் கொஞ்சம் சின்னதாக. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதை ஜன்னலை விட்டுத் தள்ளத் தோள் கொடுத்தாள்.

"இருந்துட்டுப் போ. ஜன்னல மறைக்காம நில்லு."

கூண்டு இரண்டடி நகர்ந்துகொண்டது.